நீச்சல் உடுப்பு

சீனி எடுக்கத்தான் அந்தக் குசினி அலுமாரியைத் திறந்தேன். அரிசிமா டின்னுக்குப் பின்னால் ஒரு பை. அதற்குள் குழந்தையின் நீச்சல் உடுப்பு. நீல நிறம், நெஞ்சில் மஞ்சள் மீன். விலைச்சீட்டுக்கூட வெட்டப்படவில்லை.

“அதை அங்கயே வையுங்கோ மாமா. இவர் கண்டா அண்டைக்கு முழுக்கச் சாப்பிடமாட்டார்.”

‘இவர்’ என்றது என் அக்காவின் மகனை. ரொறன்ரோவில் பரமெடிக். அம்புலன்சில் பன்னிரண்டு வருடம். இரண்டு கோடைக்கு முன், ஒரு வீட்டின் பின்வளவு நீச்சல் குளத்திலிருந்து எடுத்த நாலு வயதுக் குழந்தையின் நெஞ்சை அமுக்கியபடியே ஆஸ்பத்திரிவரை போனான். குழந்தை தப்பவில்லை. அடுத்த நாளும் வேலைக்குப் போனான். ஆறு மாதம் கழித்துத்தான் போகமுடியாமல் போனது. அவனுடைய மகளுக்கும் அப்போது நாலு வயது.

அவன் மனைவி தேநீரை ஆற்றிக்கொண்டே மிச்சத்தைச் சொன்னாள். மகளின் நீச்சல் வகுப்பை நிறுத்திவிட்டாள். குளத்தைத் திருத்துகிறார்கள் என்று பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறாள். குளோரின் மணம் வரக்கூடாதென்று குளியலறை கழுவ ப்ளீச் வாங்குவதில்லை, வினாகிரிதான். சம்பவம் நடந்த தெரு வராமல் கோயிலுக்குச் சுற்றிப் போகிறார்கள். நடுச்சாமத்தில் அவன் எழும்பி, மகள் மூச்சு விடுகிறாளா என்று பார்க்கப் போனால் இவளும் எழும்பிப் பின்னால் போய், பிள்ளை முழிக்காமல் பார்த்துக்கொள்கிறாள்.

“எல்லாம் அவருக்காகத்தானே மாமா.”

அவனுக்கு வந்தது வேலையால்தானா என்று வேலைத்தளத்தில் யாரும் சந்தேகிக்கவில்லை. அதற்கு ஒரு சட்டம் துணை நின்றது. 2016 ஏப்ரலில் ஒன்ராறியோ சட்டமன்றம் நிறைவேற்றியது அது. பொலிஸ்காரர், தீயணைப்புப் படையினர், பரமெடிக், சிறைக்காவலர், அவசர அழைப்பை எடுப்பவர் ஆகியோரில் ஒருவருக்கு நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்று மருத்துவம் உறுதிசெய்தால், அது வேலையால் வந்ததென்றே எடுத்துக்கொள்ளவேண்டும். முன்னரென்றால் எந்தச் சம்பவத்தால் வந்ததென்று காயப்பட்டவரே நிரூபிக்கவேண்டியிருந்தது. நிரூபிப்பதென்றால், மறக்க முடியாமல் தவிக்கிற அதே கதையை மேசைக்கு மேசை சொல்வது. ‘முதலில் நம்புகிறோம்’ என்று ஒரு சட்டம் சொன்னதை நான் பெரிய விஷயமாக மதிக்கிறேன். ஆனால் அந்தச் சட்டம் வேலை செய்பவனோடு நின்றுவிடுகிறது. அரிசிமா டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தவளை அதற்குத் தெரியாது.

கனடாவை இந்த மனவடுவைப்பற்றி வாய்திறக்க வைத்தது இராணுவம். 1994இல் ருவாண்டாவில் ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கியவர் ரோமியோ டலேர் என்ற கனடிய ஜெனரல். சுமார் நூறு நாளில் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டதைத் தடுக்க ஆளும் அதிகாரமும் இல்லாமல் நின்றவர். 2000ஆம் ஆண்டில், மதுவும் மருந்தும் கலந்த மயக்கத்தில் ஒரு பூங்காவில் அவரைக் கண்டெடுத்தார்கள். ஒரு ஜெனரலுக்கே இப்படி ஆகுமா என்று நாடு திகைத்தது. அதே ருவாண்டாவிலிருந்து காயத்தோடு திரும்பிய இன்னொரு அதிகாரி ஸ்டெஃபான் கிரெனியே. இதை நோய் என்று சொல்லாமல் ‘காயம்’ என்று சொல்லும் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். 2001இல், காயப்பட்ட படையினனோடு அதே பாதையில் வந்த இன்னொருவன் இருந்து பேசும் திட்டம் ஒன்றையும் தொடக்கினார். பிறகு அந்தத் திட்டத்துக்குள் குடும்பத்தவரும் வந்தார்கள்.

போன மாரியில் மருமகனும் மனைவியும் சேர்ந்தே சிகிச்சைக்குப் போகத் தொடங்கினார்கள். தம்பதியாக இருத்தி மனவடுவுக்குச் செய்யும் பதினைந்து அமர்வுச் சிகிச்சை இது. கண்டிஸ் மொன்சன், ஸ்டெஃபனி ஃபிரெட்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் வகுத்தது. மொன்சன் ரொறன்ரோவில் பேராசிரியராக இருந்தவர். 40 தம்பதிகளோடு செய்து பார்த்த ஆய்வு 2012இல் வெளிவந்தது; காயமும் ஆறியது, உறவும் தேறியது. தனியாளுக்கான நல்ல சிகிச்சைகளும் உண்டு, பலருக்கு அவை உதவியிருக்கின்றன. இருந்தாலும் மனைவியை வெளி வாங்கில் இருத்திவிட்டு அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டிருந்தால், இந்த வீட்டில் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

முதல் நாள் சிகிச்சையாளர் கேள்வியை அவளிடம்தான் கேட்டாராம். இவருக்காக நீங்கள் என்னென்ன செய்கிறீர்கள், என்னென்ன விட்டுவிட்டீர்கள் என்று எழுதச் சொன்னார். தாளின் இரண்டு பக்கமும் நிரம்பியது. அவன் அதை வாங்கி வாசித்தான். பாதி விஷயம் அவனுக்கே புதிது.

“ப்ளீச் ஏன் வீட்டில இல்லையெண்டு நான் ஒருநாளும் யோசிக்கேல்ல மாமா” என்றான் என்னிடம்.

சிகிச்சையாளர்கள் சொல்வது இதுதான். சுற்றிப் போன ஒவ்வொரு தடவையும் அந்தத் தெரு இன்னும் கொஞ்சம் பயங்கரமாகிறது. போகாத தெருவில் இன்று ஒன்றுமில்லை என்று மனம் எப்படி அறியும்? அவள் அன்பால் செய்த ஒவ்வொன்றும் அந்தப் பயத்துக்குச் சோறு போட்டிருக்கிறது.

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு அக்காவின் நினைவாகவே இருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, போருக்குத் தப்பி யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து நடந்த சனத்தில் அவளும் ஒருத்தி. கையில் இவன், ஐந்து வயது. அதற்கு முன் எத்தனை தடவை பதுங்குகுழிக்குள் இவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பொம்மர் போகும்வரை இருந்திருப்பாள்! இங்கே வந்து பார்க்டேலில் ஏரிக்குக் கிட்ட ஒரு அடுக்குமாடியில் குடியேறினார்கள். லேபர் டே வார இறுதியில் ஏரிக்கு மேல் விமானச் சாகசக் காட்சி நடக்கும், போர்விமானங்கள் தாழப் பறக்கும். முதல் வருடம் அக்கா இவனை இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். அடுத்த வருடத்திலிருந்து அந்த வாரம் அத்தான் எல்லோரையும் மொன்றியலுக்குக் கூட்டிப்போனார். ஸ்காபரோவுக்கு வீடு மாறிய பிறகும் அது நிற்கவில்லை. ‘விடுமுறை’ என்றோம். இருபது வருடத்துக்கு மேல் அப்படித்தான் சொல்லிவருகிறோம். யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் ‘மனவடு’ என்று தமிழிலேயே நூல் எழுதிவைத்திருந்தார். சொல் எங்கள் ஊரில் இருந்தது. அக்காவிடம் ஒருவரும் அதைக் கொண்டுபோகவில்லை, நானும்தான்.

“நாங்கள் ஏன் மொன்றியல் போனனாங்கள் எண்டு இப்பத்தான் விளங்குது” என்றான் மருமகன்.

சிகிச்சையில் வீட்டுப்பாடம் உண்டு. நடந்ததை அணு அணுவாக வாயால் சொல்ல வேண்டியதில்லை. தவிர்த்த இடங்களுக்கு இருவரும் சேர்ந்து, சிறிதிலிருந்து பெரிதாகப் போகவேண்டும். முதலில் ஒரு போத்தல் ப்ளீச் வாங்கி மூடியைத் திறந்தார்கள். பிறகு அந்தத் தெரு. பிறகு குளம். அலுமாரியிலிருந்த உடுப்பை எடுத்துப் போட்டுப் பார்த்தால் பிள்ளைக்கு இடுப்புக்கு மேல் ஏறவில்லை. இரண்டு வருடம் வளர்ந்துவிட்டாளே. புதியதை வாங்கக் கடைக்குத் தகப்பன்தான் போனான்.

போன சனிக்கிழமை நானும் கூடப் போனேன். பெற்றோர் இருக்கும் வாங்கில் ஒரே புழுக்கம், கண்ணாடி முழுக்கப் புகார். மகள் தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தியதும் அவன் எழுந்துவிட்டான். வகுப்பு முடியும்வரை, அரை மணித்தியாலம், நின்றுகொண்டேதான் இருந்தான். வெளியே போகவில்லை. மனைவி அவனை இருக்கச் சொல்லவுமில்லை.

திரும்பும்போது காருக்குள் ஈரத் துவாயிலிருந்து குளோரின் மணம் அடித்தது. கண்ணாடியை இறக்க அவள் கை பொத்தானுக்குப் போயிற்று. கொஞ்சநேரம் அங்கேயே நின்றது. பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.