பனிதேசத்தில் வெயில் பழகுகிறவர்கள்

மினசோட்டா மாநிலத்தின் வடக்கே டவர் என்றொரு சிற்றூர். 1996 பிப்ரவரி 2 அன்று அங்கே வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே 51 டிகிரி செல்சியஸ்வரை இறங்கியது. அந்த மாநிலத்தின் குளிர்ச் சாதனை இன்றுவரை அதுதான். மகள் அங்கே குடியேறிய நாளிலிருந்து சாத்தான்குளம் பஜாரில் என்னை நிறுத்தி விசாரிக்கிற எல்லோருக்கும் குளிர் ஒன்றே பேச்சு. "அண்ணாச்சி, அங்ஙன வெளிய நின்னா மூக்கு உறைஞ்சிரும்லா?" என்று டீக்கடையில் கேட்காத ஆள் கிடையாது.

நான் போய் இறங்கியதோ ஜூலைக் கடைசி. விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது 32 டிகிரி. செம்மணல் தேரிக்காட்டு மனிதனுக்கு 32 எல்லாம் ஒரு வெயிலா? ஆனால் கார் நின்ற இடத்துக்கு நடப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. எங்கள் பக்கத்து வெயில் சுடும். ஆனால் வியர்வையைக் காற்று உடனே வாங்கிக்கொள்ளும், உப்பு மட்டும் சட்டையில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். இங்கே வியர்வைக்குப் போக இடமில்லை. நகரத்தைத் தாண்டினால் கண்ணுக்கெட்டியவரை மக்காச்சோளம். அத்தனை பயிரும் மண்ணின் நீரைக் குடித்து இலை வழியே காற்றில் விடுகிறது. தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஏறி வருகிற ஈரமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. 2011 ஜூலை 19 அன்று இதே மாநிலத்தின் மூர்ஹெட் ஊரில், காற்றின் ஈரத்தைச் சொல்கிற பனிப்புள்ளி 31 டிகிரி செல்சியஸுக்கு ஏறியிருக்கிறது. தூத்துக்குடிக் கடற்கரையிலேயே அப்படியொரு புழுக்கம் அபூர்வம்.

பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அருவி, அருங்காட்சியகம் என்று மகள் போட்டு வைத்திருந்த பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு மாப்பிள்ளை சொன்னார்: "மாமா, உங்களுக்கு ஏத்த இடம் ஒண்ணு இருக்கு. வைக்கிங்ஸ் டீம் பயிற்சி முகாம். ஜனங்க போயிப் பாக்கலாம்."

மினியாபொலிஸுக்குத் தெற்கே ஈகன் என்ற புறநகர். மினசோட்டா வைக்கிங்ஸ் அணி 2018 முதல் கோடை முகாமை அங்கேதான் நடத்துகிறது. அமெரிக்கக் கால்பந்து, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளுகிற ஆட்டம். ஊதா நிறச் சட்டை போட்ட குழந்தைகளும் தாத்தாக்களும் கையெழுத்து வாங்கத் தடுப்புக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தது ஆட்டக்காரர்களின் உடம்பை. முன்வரிசையில் நின்று மறிக்கிற ஆட்கள் ஒவ்வொருவரும் 140, 150 கிலோ. கபடியில் எங்கள் பையன்கள் 80 கிலோவைத் தாண்டிவிட்டால் எடை பார்க்கிற இடத்திலேயே சண்டை வரும். இவர்களோ அந்த எடையோடு சிறுத்தைபோலப் பாய்கிறார்கள்.

ஆனால் பயிற்சி சப்பென்று இருந்தது. தலைக்கவசம், அரைக்கால் சட்டை. தோள்கவசம் இல்லை, முட்டுதல் இல்லை. கொஞ்சம் ஓடுகிறார்கள், நிற்கிறார்கள், தண்ணீர் குடிக்கிறார்கள்.

"என்ன மாப்ள, இம்புட்டுச் சம்பளம் வாங்குறவனுவ, டிரில் பீரியடு மாதிரில்லா நிக்கானுவ?"

"மொதல் நாள் மாமா. இன்னும் சில நாள் இப்படித்தான். விதி அப்படி."

விதி என்றதும் எனக்குச் சுவாரசியம் பிடித்துவிட்டது. மைதானத்தின் ஓரத்தில் முக்காலியில் ஒரு கருவி நின்றது. அதன் தலையில் கறுப்பு உருண்டை. அதற்கப்பால், பார்வையாளர் கண்ணில் அதிகம் படாத இடத்தில், ஆள் படுக்கிற அளவுக்குப் பெரிய தொட்டிகள். பக்கத்தில் ஐஸ் பெட்டிகள். களைத்தவர்கள் சுகமாக உட்கார்ந்து குளிக்க வைத்திருக்கிறார்கள் போலும் என்றார் மாப்பிள்ளை. அது வேறு காரியத்துக்கு என்று மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் ஓர் உயர்நிலைப் பள்ளி அணிக்கு மருத்துவப் பயிற்சியாளர். வேலிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் மொழிபெயர்க்க மாப்பிள்ளை. அவர் ஆரம்பித்தது கோரி ஸ்ட்ரிங்கரின் பெயரிலிருந்து.

ஸ்ட்ரிங்கர் இந்த வைக்கிங்ஸ் அணியின் ஆள்தான். வயது 27, எடை 152 கிலோ, அதற்கு முந்தைய ஆட்டப் பருவத்தில் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் வரிசைக்குத் தேர்வானவர். 2001 ஜூலையில் மேன்கேட்டோ ஊரில் முகாம் தொடங்கியது. முதல் நாள் வாந்தி எடுத்து வெளியேறினார். இரண்டாம் நாள், ஜூலை 31, விட்டதைப் பிடிக்கிற வேகத்தோடு முழுக் கவசத்தில் வந்தார். பயிற்சி முடிகிறபோது விழுந்தார். மருத்துவமனையில் அவர் உடம்பின் சூடு 108.8 டிகிரி ஃபாரன்ஹீட். காய்ச்சல் 104 என்றாலே நாம் ஆட்டோ பிடித்து ஓடுகிறோம். மறுநாள் அதிகாலை 1.50 மணிக்கு இறந்துபோனார். அவருடைய 77ஆம் எண் சட்டையை அந்த அணியில் இனி யாரும் போடுவதில்லை.

அவ்வளவு பெரிய உடம்பு, அத்தனை மருத்துவர்கள் இருந்தும் எப்படி? பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கணக்கு எளிது. பெரிய உடம்பு பெரிய அடுப்பு; ஆனால் சூடு வெளியேற வேண்டிய தோல் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. தோள்கவசமும் தலைக்கவசமும் அந்தத் தோலிலும் ஒரு பகுதியை மூடிவிடுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக அது இரண்டாம் நாள். உடம்பு இன்னும் வெயிலுக்குப் பழகவில்லை.

பழகுவது என்று நாம் சும்மா சொல்லிக்கொண்டு போகிறோமே, அதன் உள்ளே நடக்கிற வேலையைக் கேட்டபோதுதான் எனக்கு மெய்யாகவே ஆச்சரியம். வெயிலில் நாள்தோறும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் உழைத்தால், நாலைந்து நாளில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடிவிடுகிறது. அதனால் அதே ஓட்டத்துக்கு இதயம் முன்போல அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. வியர்வை சீக்கிரமே தொடங்குகிறது, அதிகமாகவும் வருகிறது. அதில் போகிற உப்போ குறைந்துவிடுகிறது. வியர்வைச் சுரப்பியே உப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் படித்துவிடுகிறது. பத்து முதல் பதினான்கு நாளில் வேலை ஏறத்தாழ முடிந்துவிடும். அதன்பின் வெயிலை விட்டு விலகி மூன்று நான்கு வாரம் இருந்தால் வந்ததில் பெரும்பகுதி போய்விடும். பிறந்த ஊர், குலம், வைராக்கியம் எதையும் அது பார்ப்பதில்லை. ஏசி அறையில் ஒரு மாதம் கிடந்த சாத்தான்குளத்துக்காரனும் வெயிலுக்குப் புதியவன்தான்.

இந்தக் கணக்கு எங்கள் பனையேறிகளின் உடம்பில் ஏற்கனவே எழுதியிருக்கிறது. பாளை சீவத் தொடங்குகிற நாட்களில் நாலைந்து மரம்தான். பங்குனி, சித்திரை வரும்போது அதே ஆள் காலையும் மாலையுமாக முப்பது, நாற்பது மரம் ஏறி இறங்குவார். யாரும் உடம்புக்காக யோசித்துச் செய்த ஏற்பாடு இல்லை இது. எல்லாப் பனையும் ஒரே நாளில் பாளை விடுவதில்லை, அவ்வளவுதான். உச்சி வெயிலில், மரமேற உதவுகிற முருக்குத்தடியைச் சாத்திவிட்டு, கருப்பட்டி காய்ச்சுகிற விடிலியின் நிழலில் ஒதுங்கிவிடுவதும் வேலையின் ஒழுங்கிலேயே வந்த பழக்கம்.

அமெரிக்கர்களுக்கு அந்த நிதானம் சாவுகளுக்குப் பிறகே வந்தது. 1954இல் பேர் பிரையன்ட் என்ற பேர்பெற்ற பயிற்சியாளர் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அணியை ஜங்ஷன் என்ற வறண்ட ஊருக்குக் கொண்டுபோனார். நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய வெயிலில் பத்து நாள், தண்ணீருக்கு இடைவேளை கிடையாது. நூறு பேர் அளவில் போனவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே கடைசிவரை நின்றார்கள். வெப்பத்தாக்கில் சரிந்த ஒரு பையன் மயிரிழையில் பிழைத்தான். அப்படிக் கடைந்தெடுத்த அணி அந்த ஆண்டு ஆடிய பத்து ஆட்டத்தில் ஒன்றில் வென்றது, ஒன்பதில் தோற்றது. அந்த முகாமைப் புத்தகமாகவும் படமாகவும் எடுத்துக் கொண்டாடினார்கள். ஒன்பது தோல்வியைப் பற்றிக் கொண்டாட்டத்தில் யாரும் அதிகம் பேசுவதில்லை. ஓடும்போது தண்ணீர் குடித்தால் வயிறு பிடிக்கும் என்று எங்கள் காலத்து மைதானங்களில் சொல்லப்பட்டதும் இதே பள்ளியில் படித்த பாடம்தான்.

கல்லூரி அணிகளுக்கு 2003இல்தான் விதி எழுதிவைத்தார்கள். முதல் இரண்டு நாள் தலைக்கவசம் மட்டும், அடுத்த இரண்டு நாள் தோள்கவசமும், ஐந்தாம் நாள்தான் முழுக்கவசம் என்றது அது. தொழில்முறை அணிகள் ஒரே நாளில் இரண்டு வேளை முழுக்கவசத்தோடு முட்டுவதை ஆட்டக்காரர் சங்கத்தோடு போட்ட 2011 ஒப்பந்தம் நிறுத்தியது. ஸ்ட்ரிங்கரின் மனைவி தொடுத்த வழக்கு 2009இல் சமரசமாகி, அதன் தொடர்ச்சியாக 2010இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் ஓர் ஆய்வு நிறுவனம் தோன்றியது. அதை நடத்துகிற டக்ளஸ் காசா, 1985இல் பள்ளி மாணவனாகப் பத்தாயிரம் மீட்டர் ஓடும்போது கடைசிச் சுற்றில் வெப்பத்தாக்கில் விழுந்து பிழைத்தவர். பட்டவர் நடத்துகிறார் என்பதால் எனக்கு அந்த நிறுவனத்தின்மேல் நம்பிக்கை கூடுதல்.

முக்காலிக் கருவிக்கு வருகிறேன். அதில் மூன்று வெப்பமானிகள். ஈரத்துணி சுற்றியது ஒன்று. அது காட்டுவதில் 70 சதவீதம். கறுப்பு உருண்டைக்குள் வெயிலை நேராக வாங்குவது ஒன்று, அதில் 20. நிழலில் சாதாரணக் காற்றை அளப்பது ஒன்று, அதில் 10. மூன்றையும் கூட்டினால் வருகிற எண் ஏறஏற ஓய்வு கூடும், கவசம் கழலும், ஓர் அளவுக்கு மேல் பயிற்சியே நிற்கும். பாரிஸ் ஐலண்ட் மரைன் படைப் பயிற்சி முகாமில் இளைஞர்கள் சுருண்டு விழுந்ததைப் பார்த்து 1950களில் அமெரிக்க ராணுவம் உண்டாக்கிய அளவுகோல் இது. செய்தியில் சொல்கிற 40, 41 டிகிரி இந்தக் கூட்டலில் பத்தில் ஒரு பங்குதான். ஈரத்துக்குத்தான் பெரும்பங்கு என்பது, விமான நிலையத்து வாசலில் சட்டை ஒட்டிய எனக்கு விளக்காமலே விளங்கியது.

இதே கூட்டல் எண்ணை வேறொரு இடத்தில் கேள்விப்பட்டிருக்கிறேன். என்னிடம் படித்த பையன்கள் பலர் வளைகுடாவில். கத்தார் அரசு 2021இல் போட்ட விதிப்படி அந்த எண் 32.1ஐத் தாண்டினால் வெளிவேலையை நிறுத்த வேண்டும். 2014 உலகக் கோப்பையில் ஆட்டத்தை இடையில் நிறுத்தித் தண்ணீர் கொடுக்க ஃபிஃபா வைத்த எல்லை 32. கோடீஸ்வர ஆட்டக்காரனுக்கும் கம்பி கட்டுகிறவனுக்கும் எல்லைக்கோடு கிட்டத்தட்ட ஒன்றுதான். முதல் வாரம்தான் வேறு வேறு. வேலையிடத்தில் வெப்பத்தால் நேரும் சாவுகளில் ஏறத்தாழ பாதி முதல் நாளிலேயே, எழுபது சதவீதத்துக்கு மேல் முதல் வாரத்துக்குள் நேர்கின்றன என்கிறது அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை. புதிய ஆளுக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, பிறகு தினமும் ஒரு பங்கு கூட்டு என்பது அங்குள்ள ஆய்வாளர்களின் பரிந்துரை. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி மறுநாள் காலையே வேலைத்தளத்தில் நிற்கிற பையனுக்கு அந்த ஐந்தில் ஒரு பங்கை யார் கொடுக்கிறார்கள்?

ஒரு சனிக்கிழமை மேன்கேட்டோவுக்கும் போனோம். மினசோட்டா ஆற்றை ஒட்டிய சாலை, இருபுறமும் அந்த மக்காச்சோளம். 1966 முதல் 2017 வரை வைக்கிங்ஸ் முகாம் நடந்த பல்கலைக்கழக மைதானம் வெறும் புல்லாகக் கிடந்தது. நாலைந்து மாணவிகள் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க வேறொன்றும் இல்லை. வழியில் ஒரு கடையில் சுட்ட சோளக்கதிர் வாங்கித் தின்றோம், அது பிரமாதம்.

தொட்டியைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. ஓடிக்கொண்டிருந்தவன் உளறினால், தள்ளாடினால், விழுந்தால் வெப்பத்தாக்கு என்று சந்தேகம். சூட்டை வாயிலோ அக்குளிலோ பார்த்தால் குறைத்துக் காட்டும் என்பதால் ஆசனவாய் வழியாகவே பார்க்கிறார்கள். 105 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் என்றால் ஆம்புலன்சுக்குக் காத்திருப்பதில்லை. கழுத்துவரை ஐஸ் தண்ணீரில் இறக்கி, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கிறார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் வீதம் சூடு இறங்கும். 102க்கு வந்தபின்தான் ஆஸ்பத்திரி. முதலில் குளிர்வி, பிறகு கொண்டுபோ. விழுந்ததிலிருந்து அரைமணிக்குள் இது நடந்துவிட வேண்டும். மாசசூசெட்ஸில் ஃபால்மவுத் என்ற இடத்தில் ஆகஸ்ட் மாதம் நடக்கிற ஓட்டப் பந்தயத்தில் 18 ஆண்டுகளில் 274 பேர் இப்படி விழுந்திருக்கிறார்கள். தொட்டியில் இறக்கிய அத்தனை பேரும் பிழைத்தார்கள். 2018இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் 19 வயது ஜோர்டன் மெக்நேர் பயிற்சியில் சரிந்தபோது அவரை யாரும் தண்ணீரில் இறக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அவர் இறந்துபோனார்.

தொட்டி இல்லாத ஊரில் என்ன செய்வது என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே போய் ஒரு நீலத் தார்ப்பாயை எடுத்துவந்து புல்லில் விரித்தார். நடுவில் ஆளைக் கிடத்தி, ஓரங்களைச் சுற்றி நின்று தூக்கிப் பிடித்து, ஐஸையும் தண்ணீரையும் கொட்டி அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டி அளவுக்கு இல்லாவிட்டாலும் உயிரைப் பிடித்து நிறுத்தும்.

அன்று ராத்திரியே ஊருக்குப் போன் போட்டேன். என்னிடம் படித்து இப்போது பக்கத்துப் பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருக்கிற தம்பிக்கு அது விடிகாலை.

"எய்யா, ஸ்போர்ட்ஸ் ரூம்ல தார்ப்பாய் கெடக்கா?"

"கெடக்கு சார். கபடி மேட்டுமேல மூடுதது. எதுக்கு?"

சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"தண்ணி லாரிக்குச் சொல்லிரலாம். ஐஸ் வேணும்னா மீன்காரவங்கட்ட, கடற்கரைல ஐஸ் கம்பெனில வாங்கலாம். ஆனா சார், கோடைக் கோச்சிங் மே மாசம்லா. லீவு நாள்ல புடிக்கதுக்கு ஆறு பேருக்கு எங்க போவ?"

"ஆட வந்த பயலுவதானல புடிக்கணும். மொதல் நாள் ஓட விடாத, தார்ப்பாய் புடிக்கச் சொல்லிக்குடு" என்றேன்.