பிளக்கைக் கழற்றிப் பார்க்கிற அண்ணாச்சி

செட்டியார்பட்டியில் காலை எட்டு மணிக்கே டிவிஎஸ் எக்ஸ்எல் சத்தம் தொடங்கிவிடும். ராஜபாளையத்துக்குத் தெற்கே, தளவாய்புரத்தை ஒட்டிய இந்த வட்டாரம் நைட்டிக்கும் உள்பாவாடைக்கும் பெயர் போனது. வெட்டிய துணி தைப்பவர் வீட்டுக்கும், தைத்த துணி கடைக்கும் மூட்டை மூட்டையாகப் போய்ச் சேருவது பெரும்பாலும் எக்ஸ்எல்லில்தான். முன்னால் ஒரு மூட்டை, பின்னால் இரண்டு. வண்டி நின்றுவிட்டால் அன்றைய கூலியும் நின்றுபோகும்.

அப்படி நின்றுபோன வண்டிகள் வந்து சேரும் பட்டறை ஒன்றில் நாம் போய் உட்கார்ந்தோம். தகரக் கூரை, மண் தரை, சுவரில் வரிசையாக ஸ்பேனர்கள். மெக்கானிக்குக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். எந்த வண்டி வந்தாலும் அவர் முதலில் கேட்பது வண்டியைப் பற்றியல்ல, ஓட்டியதைப் பற்றி: "எங்கிருந்து ஓட்டிட்டு வந்தீக? வழியில நின்னுச்சா, இல்ல இங்க வந்து நீங்களா ஆஃப் பண்ணுனீகளா?" பதில் கிடைத்த பிறகுதான் பிளக் ஸ்பேனர் கைக்கு வரும்.

முதலில் வந்தது துணி மூட்டை ஏற்றும் எக்ஸ்எல். பிக்கப் இல்லை, ஏற்றத்தில் திணறுகிறது, பெட்ரோலும் அதிகமாகக் குடிக்கிறது என்றார் ஓட்டுகிற இளைஞர். அண்ணாச்சி பிளக்கைக் கழற்றி வெயில் படும் பக்கம் திருப்பினார். மூக்கு முழுவதும் கறுப்பு. விரலால் தடவியதும் பொடியாக ஒட்டிக்கொண்டது. எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத காய்ந்த கரி. "பெட்ரோல் சாஸ்தி, காத்து கம்மி" என்றவர் கார்புரேட்டர் பக்கமே போகவில்லை. ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்தார். உள்ளே பஞ்சுத் தூசி கெட்டியான படலமாக அப்பியிருந்தது. துணி வெட்டும் இடத்திலும் தறிக்கூடத்திலும் நாளெல்லாம் நிற்கிற வண்டி காற்றோடு சேர்த்துப் பஞ்சையும்தான் இழுக்கும். ஃபில்டரை மாற்றி, பிளக்கைத் துடைத்து மாட்டியதும் வண்டி கிளம்பிவிட்டது. இந்த ஊரில் கறுத்த பிளக் வந்தால் முதலில் பஞ்சைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்பது எந்தக் கம்பெனி கையேட்டிலும் இல்லாத பாடம்.

எஞ்சினைப் பிரிக்காமலேயே அதன் உள்ளே நடப்பதை வெளியே கொண்டுவந்து காட்டும் பாகம் பிளக் ஒன்றுதான். நிமிடத்துக்கு 5000 சுற்று ஓடும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் அது நிமிடத்துக்கு 5000 முறை பொறி விடுகிறது. சுற்றிலும் எரியும் தீயின் வெப்பம் 2000 டிகிரி செல்சியஸையும் தாண்டும். பீங்கான் மூக்கு ஏறக்குறைய 500 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850, 900 டிகிரியைத் தாண்டினால் பொறி வருவதற்கு முன்பே மூக்கின் சூட்டிலேயே பெட்ரோல் பற்றிக்கொள்ளும், பிஸ்டனுக்கே ஆபத்து. இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் ஓடும் எஞ்சினின் பிளக், பால் தாராளமாக விட்ட டீயின் நிறத்தில் இருக்கும். பட்டறையில் அதற்கு 'பிஸ்கட் கலர்' என்று பெயர்.

அடுத்து வந்தது மாந்தோப்பில் மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர். கொஞ்ச நேரம் ஓடியதும் சூடாகி நின்றுவிடுகிறதாம். பிளக் மூக்கு சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. பீங்கான் மேல் மணல் பருமனில் சில புள்ளிகள். அண்ணாச்சியின் முகம் மாறியதை இங்கேதான் பார்த்தோம். பீங்கானைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புள்ளி வெள்ளியாக மினுங்கினால் அது அலுமினியம். பிஸ்டனே உருகித் தெறிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இவை மினுங்கவில்லை. "தப்பிச்சிட்டீக" என்றார் தோட்டக்காரரிடம்.

வெளுத்த பிளக் சொல்வது, பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பதை. ஆனால் அது எதனால் என்பதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஜெட்டில் அடைப்பிருக்கலாம், கிராங்க் சீல் தேய்ந்திருக்கலாம், கார்புரேட்டரை எஞ்சினோடு சேர்க்கும் இடத்தில் கேஸ்கெட் கிழிந்திருக்கலாம். இதில் கேஸ்கெட்தான் கிழிந்திருந்தது. கூடவே ஆயில் கலந்த கணக்கையும் விசாரித்தார். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலக்கிற ஆயில்தான் பிஸ்டனுக்கு உயிர். கம்பெனி சொன்ன அளவில் குறைத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும், கூட்டினால் பிளக் நனைந்து கரி கட்டும்.

மதியம் வந்த ஸ்பிளெண்டரின் கதைதான் நம்மை அதிகம் யோசிக்க வைத்தது. வேறொரு இடத்தில் எஞ்சினை இறக்கி போர் பண்ண வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள் என்று கவலையோடு வந்திருந்தார் அதன் சொந்தக்காரர். பிளக் கறுப்புதான், ஆனால் ஈரமாக, எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இப்படி இருந்தால் ஆயில் மேலே ஏறுகிறது என்று அர்த்தம். பிஸ்டன் ரிங் வழியாகவா, வால்வு சீல் வழியாகவா? பிளக்கால் அதைச் சொல்ல முடியாது.

"புகை எப்ப வருது அண்ணே?" என்று கேட்டார் அண்ணாச்சி. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் வருகிறது, ஓடும்போது இல்லை என்றார் வந்தவர். அண்ணாச்சி கிக்கரைக் கையால் அழுத்திப் பார்த்தார். கம்ப்ரஷன் உறுதியாக இருந்தது. ரிங் தேய்ந்திருந்தால் முறுக்கும்போதெல்லாம் புகை வரும், கிக்கரும் தளர்ந்திருக்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் வால்வு சீல் வழியாகக் கசிந்து இறங்கிய ஆயில்தான் காலையில் புகைகிறது. வால்வு சீல் மாற்றுகிற செலவு, போர் பண்ணுகிற செலவில் சிறு பங்குதான். மூட்டை சுமந்து பிழைக்கிறவருக்கு இந்த வித்தியாசம் வாரக் கணக்கான கூலி. பிளக் படிக்கத் தெரிந்த மெக்கானிக் ஒரு ஊருக்குச் செய்கிற உபகாரம் இதில்தான் இருக்கிறது என்று நாம் உறுதியாக நம்புகிறோம்.

அண்ணாச்சியின் காலத்தில் பிளக் என்றாலே மைக்கோதான். பெங்களூரில் 1951-ல் தொடங்கிய அந்தக் கம்பெனி 2008-ல் பாஷ் என்று பெயர் மாறியது. ஆனாலும் பட்டறைகளில் பழைய பெயர் போகவில்லை. பிளக் வாங்குகிறவர்கள் எண்ணிலும் கவனமாக இருக்க வேண்டும் என்றார். என்ஜிகே பிளக்கில் எண் கூடக்கூட 'குளிர்' பிளக்; சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும். பாஷின் இன்றைய வரிசையில் அது நேர்தலைகீழ். கடையில் இருப்பதை வாங்கி மாட்டிவிட்டு, பிளக் வெளுக்கிறது, கறுக்கிறது என்று கார்புரேட்டரைத் திருகுவது வீண் வேலை.

பிளக்கைப் படிப்பதும் முன்னைவிடக் கடினமாகிவிட்டது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் கலக்காத பெட்ரோல் வந்த பிறகு பீங்கானில் ஏறும் நிறம் மங்கிவிட்டது. இப்போது மூக்கின் நுனியை விட, பீங்கான் உள்ளே இறங்கும் அடிப்பகுதியைத்தான் வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. எத்தனால் இன்னொரு மாற்றம். அதில் ஆக்சிஜன் இருப்பதால், 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய கார்புரேட்டர் வண்டியில் ஊற்றினால் கலவை ஒல்லியாகும், பிளக் சற்றே வெளுக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின் புது வண்டிகளில் கார்புரேட்டர் அநேகமாக மறைந்துவிட்டது. சென்சாரும் கம்ப்யூட்டரும் பெட்ரோலை அளந்து விடுகின்றன. ஆனால் வால்வு சீல் கசிவதையும் ரிங் தேய்வதையும் அந்த வண்டிகளிலும் பிளக் காட்டிக்கொடுக்கும்.

படிக்கிற மக்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டியை ஐடிலிங்கில் வெகுநேரம் உறுமவிட்டுப் பிறகு பிளக்கைக் கழற்றினால் நல்ல எஞ்சினும் கரியைத்தான் காட்டும். கொஞ்ச தூரம் சீராக ஓட்டி, உடனே ஆஃப் பண்ணி, எஞ்சின் ஆறியபின் கழற்ற வேண்டும். சூட்டோடு திருகினால் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும். மாட்டும்போதும் முதல் சுற்றுகளைக் கையாலேயே சுற்ற வேண்டும்.

அடுத்த முறை உங்கள் வண்டி சர்வீஸுக்குப் போகும்போது, பழைய பிளக்கைக் குப்பையில் போடுவதற்கு முன் கேட்டு வாங்கிப் பாருங்கள். அது கறுப்பா, ஈரமா, வெளுப்பா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். காரணம் சொல்லத் தெரிந்தவரிடமே தொடர்ந்து வண்டியை விடுங்கள்.