ரவை அளவு ஜல்லி

தண்டவாளத்துக்கு நடுவே கிடக்கிற ஜல்லியை என்றைக்காவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? ரயிலைப் பார்ப்போம், கூட்டத்தைப் பார்ப்போம், டீ விற்பவரைப் பார்ப்போம். ஜல்லியை யார் சார் பார்ப்பது?

என் மச்சான் பார்ப்பார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். சாயங்காலம் வீடு திரும்பினால் நேரே மாடி ரூம்தான். அங்கே ஒரு பழைய கதவுப் பலகையின் மேல் குட்டியாக ஒரு ரயில்வே யார்டு கட்டிக்கொண்டிருக்கிறார். ஜோலார்பேட்டை மாதிரி இருக்க வேண்டும் என்பது ஆசை. பெங்களூர் பாதையும் சேலம் பாதையும் பிரிகிற ஜங்ஷன்.

குழந்தை விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அசலில் 87-ல் ஒரு பங்கு என்று உலகம் முழுக்க இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். புனேயில் இதற்கென்று ஜோஷி மியூசியமே இருக்கிறது. 87-ல் ஒரு பங்கு எஞ்சின் கிடைக்கும், பெட்டி கிடைக்கும், சிக்னல்கூட கிடைக்கும். கிடைக்காத ஒரே சாமான், நம் ஊர்த் தரை.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். (பி.காம். படித்தவனுக்கு வேறென்ன தெரியும்!) நம் ரயில்வேயில் போடுகிற ஜல்லி ஏறக்குறைய 20 மில்லிமீட்டரிலிருந்து 65 மில்லிமீட்டர் வரை இருக்கும். 87-ஆல் வகுத்துப் பாருங்கள். கால் மில்லிமீட்டரிலிருந்து முக்கால் மில்லிமீட்டர். அதாவது ரவை. சாட்சாத் உப்புமா ரவை!

அப்படியென்றால் ரவையையே கொட்டி ஒட்டிவிடலாமே? ஒட்டலாம். மறுநாளே எறும்புகள் வரிசையாக வந்து யார்டைக் காலி செய்துவிடும். சரி, பாலாற்று மணல்? அதற்குத் தடை போட்டவர் என் மாமனார். ஜோலார்பேட்டை செக்‌ஷனில் கேங்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். முப்பது வருஷம் வெயிலில் நின்று, பீட்டர் என்கிற இரும்புக் கருவியால் கட்டைக்கடியில் ஜல்லியை இடித்து இறுக்கிய கை.

“ஜல்லி உருண்டையா இருக்கக் கூடாது மாப்ள. மூலை இருக்கணும். அப்பதான் ஒண்ணை ஒண்ணு புடிச்சிக்கும். உருண்டைக் கல்லு போட்டீங்கன்னா வண்டி போற அதிர்ச்சிக்கு ஓடிப்பூடும்” என்றார்.

எத்தனை பெரிய விஷயத்தை எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டார், பாருங்கள். ரயிலின் பாரத்தைப் பரப்பித் தரைக்கு அனுப்புவது, கட்டையை நகரவிடாமல் பிடிப்பது, மழைத் தண்ணீரைத் தேங்காமல் வடியவிடுவது - இந்த மூன்றுக்கும்தான் ஜல்லி. ஆற்று மணல் தண்ணீரில் உருண்டு உருண்டு மூலை மழுங்கிப் போனது. கல்லை உடைத்துச் செய்கிற எம்-சாண்டுக்கு மூலை உண்டு. கலரும் அதே சாம்பல்.

செய்முறையைக் கேளுங்கள். எம்-சாண்டை டீ வடிகட்டியில் சலித்து, கீழே விழுந்ததை அரிசி களைகிற மாதிரி களைந்து, பவுடரைப் போக்கி, வெயிலில் காயவைக்க வேண்டும். காய்ந்ததும் ஒரு காந்தத்தை மேலே ஓட்ட வேண்டும். இரும்புத் துகள் ஒன்று தப்பினாலும் குட்டி எஞ்சினின் மோட்டாருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் பிரஷ்ஷால் கட்டைகளுக்கு நடுவே பரப்பி, பாத்திரம் கழுவும் சோப் இரண்டு சொட்டு கலந்த தண்ணீரைப் பனி மாதிரி தெளித்து, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலை இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரு ராத்திரி தொடாமல் இருந்தால், காலையில் கல்லு மாதிரி நிற்கும்.

மெயின் லைனில் ஜல்லி மேடு கட்டி, சுத்தமாக இருக்கும். யார்டில் அப்படி இருக்காது. மண் கலந்து, கட்டை மட்டத்துக்கு அமுங்கி, எஞ்சின் நிற்கிற இடத்தில் எண்ணெய்க் கறுப்பாகவும், பிரேக் பிடிக்கிற இடத்தில் துருச் சிவப்பாகவும் இருக்கும். நிலக்கரி எஞ்சின் காலத்துச் சாம்பல் வேறு. இதையெல்லாம் மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே விரலை நீட்டிச் சொல்லச் சொல்ல, மச்சான் வாட்டர் கலரைத் தொட்டுத் தொட்டு வைத்தார். அப்பாவும் பிள்ளையும் அத்தனை நேரம் பேசி நான் பார்த்ததில்லை.

தண்டவாளத்துக்கு வெளியே என்ன போடுவது என்பதில்தான் சண்டை வந்தது. மச்சான் வெளிநாட்டுப் புல் பவுடர் ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருந்தார். பளிச்சென்ற பச்சை. மாமனார் பார்த்துவிட்டு, “இது இன்னா ஊருடா? நம்ம லைன்ல இவ்ளோ பச்சை நான் பாத்ததே இல்லியே” என்றார். பாக்கெட் பீரோவுக்குப் போனது. வீட்டுக் கொல்லையின் செம்மண் வாணலியில் வறுபட்டு, பூச்சி புழு போய், சல்லடை ஏறியது. தேங்காய் நாரைப் பொடியாக வெட்டினால் காய்ந்த புல். காயவைத்த டீத்தூள் சக்கை, கட்டையோரக் குப்பை.

இன்னொரு சரக்கும் வந்தது. மச்சானின் சிநேகிதர் ஒருவர் டேனரியிலிருந்து ஒரு பை பஃபிங் தூள் கொண்டுவந்தார். பதப்படுத்திய தோலைத் தேய்த்து வழவழப்பாக்கும்போது பறக்கிற பொடி. மாவு மாதிரி நைஸ், அசல் மண் கலர், காசும் கிடையாது. மாதிரி யார்டுக்கு இதைவிடப் பொருத்தமான தரை கிடைக்குமா?

மாமனார் பையின் வாயைக் கட்டினார். “இத வீட்டுல கொட்டாதே” என்றார், அவ்வளவுதான்.

குரோம் முறையில் பதப்படுத்திய தோலின் தூளில் குரோமியம் இருக்கும். மூச்சில் போகக் கூடாத சமாசாரம். அதனால் அவர் சொன்னது சரி. ஆனால் எனக்கு வேறொன்று உறைத்தது. இந்தப் பக்கத்தில் மண்ணை மூட இலவசமாகக் கிடைப்பது டேனரிக் கழிவுதான். நிஜ மண்ணையும் அதை வைத்துத்தானே மூடினோம்?

1996 ஆகஸ்ட் 28. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் ஆலைகள் நிறைந்த இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பயிருக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் என்கிற கணக்கும் அதில் உண்டு. கெடுத்தவனே செலவைக் கொடுக்க வேண்டும் என்றது கோர்ட். அந்தத் தீர்ப்பைப் படித்தபோது என் பி.காம். புத்தி சொன்னது: அத்தனை வருஷ லாப நஷ்டக் கணக்கில் மண்ணுக்கென்று ஒரு வரி எழுதவில்லை, அதான்.

தோலை மட்டும் திட்டிவிட்டு நழுவ என்னால் முடியாது. மச்சான் வீட்டு அடுப்பு எரிவது ஷூவால்தான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் எத்தனையோ வீடுகளில் அப்படித்தான். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனாலும் 2025 ஜனவரியில், பாலாற்று மாசுக்காகவும் பாதிக்கப்பட்டவர்களின் நஷ்டஈட்டுக்காகவும் அதே உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. 1996-ல் பிறந்த குழந்தைக்கு அப்போது 28 வயது.

மச்சானின் பலகையில், யார்டு வேலியைத் தாண்டி ஒரு மூலை காலியாக இருந்தது. நெல் வயல் வைக்கலாம் என்று இருந்தார். கடைசியில் செம்மண்ணைப் பரப்பி, அதன் மேல் வெள்ளைச் சாக்பீஸ் பொடியை லேசாகத் தூவிவிட்டார். உப்புப் பூத்த நிலம். எட்டாவது படிக்கிற அவர் மகள், “ஏன் நைனா, இங்க மட்டும் ஒண்ணுமே மொளைக்கலை?” என்று கேட்டாள். மச்சான் ரயிலை நிறுத்திவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். நான் கீழே டீ குடித்துவிட்டுத் திரும்பும்போதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீங்களும் குட்டி ரயில் விடுவதாக இருந்தால், எஞ்சின் வாங்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ஊர் ஸ்டேஷனில் பிளாட்பாரத்தின் கடைசிக்குப் போய்க் கொஞ்ச நேரம் கீழே பாருங்கள். என்ன கலர், என்ன முளைத்திருக்கிறது, என்ன முளைக்கவில்லை என்று ஒரு பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். கடையில் விற்காத சாமான் அது ஒன்றுதான்.