30 மில்லி இரைப்பையோடு பழனி மலைக்கு

மதுரையிலிருந்து கோவைக்குப் போகும் காலை ரயில் பழனியில் நின்றதும் பாதிப் பெட்டி காலியாகிவிடும். போன வருடம் மே மாதம் அந்தப் பெட்டியில் நானும் என் அக்காவும் உட்கார்ந்திருந்தோம். காவி வேட்டிக்காரர்களும், மொட்டை போடப் பிள்ளைகளைத் தூக்கிவந்த தாய்மார்களும் இறங்கிப் போனார்கள். ஜன்னலில் மலை தெரிந்தது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த மலையோடு எனக்குப் பத்து வருடத்து வருத்தம். என் மகனுக்கு முதல் மொட்டை பழனியில்தான். அடிவாரத்தில் முடியிறக்கி, சந்தனம் தடவி, எல்லோரும் படியேறினோம். மலைமேல் போகும் இழுவை ரயிலான விஞ்சின் வரிசையில் மூன்று மணி நேரம் நிற்க என் முட்டிகள் ஒத்துக்கொள்ளாது என்பதால்தான் படி. எழுபது படிகூட ஏறியிருக்க மாட்டேன், நெஞ்சு அடைத்தது. ஓரமாக உட்கார்ந்தேன். கீழே இறங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த உடம்ப வச்சிக்கிட்டு எதுக்கும்மா? விஞ்சுல போயிருக்கலாம்ல" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று இன்றைக்குத் தோன்றுகிறது. ஆனால் அன்று என் பிள்ளை அவன் அப்பா தோளில் உட்கார்ந்து மேலே போனான், நான் அடிவாரத்தில் செருப்புக்குக் காவல் இருந்தேன்.

ரயிலில் இட்லி வடை விற்றுக்கொண்டு வந்தார்கள். எனக்கு அது இரண்டாவது வாரத் திரவ உணவு. மோர், தெளிந்த சூப், புரதப் பவுடர் கலந்த பால். கோவையில் நடக்கவிருந்த எடைக் குறைப்பு அறுவைக்கு முன் இப்படி இருந்தால்தான் கொழுப்பேறிய கல்லீரல் சற்றுச் சுருங்கும். இரைப்பையின் மேல் அது கவிழ்ந்து கிடப்பதால், சுருங்கினால்தான் டாக்டரின் கருவிக்கு வழி கிடைக்கும். என் உயரம் 158 சென்டிமீட்டர், எடை 112 கிலோ, பிஎம்ஐ 45-ஐ ஒட்டி. ஒன்பது வருடச் சர்க்கரை நோய், காலையும் இரவும் இன்சுலின், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு. வகுப்பறையில் நின்று பாடம் எடுக்கும் வேலை எனக்கு. கடைசி இரண்டு வருடம் நாற்காலியில் உட்கார்ந்துதான் எடுத்தேன்.

நான் முயலவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். பேலியோ, கஞ்சி, கொள்ளு, ஒருவேளைச் சாப்பாடு எல்லாம் பார்த்தாயிற்று. ஒருமுறை 14 கிலோ குறைந்தது. எட்டே மாதத்தில் 17 கிலோவாகத் திரும்பி வந்தது. மதுரையில் ஒரு டாக்டர், பெயர் வேண்டாம், "வாயக் கட்டுங்க, எல்லாம் சரியாயிரும்" என்று சீட்டைக்கூட எழுதாமல் அனுப்பினார். கோவை டாக்டர்தான் முதன்முதலில் எனக்கு விளக்கிச் சொன்னார்: எடை குறைந்ததும் உடம்பு அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது, பசியைக் கூட்டுகிறது, செலவைச் சுருக்குகிறது, பழைய எடைக்கே இழுக்கிறது. அந்த இழுப்போடு மனிதர் வெறும் வைராக்கியத்தால் பல வருடம் மல்லுக்கட்டுவது மிகக் கடினம். அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்து மூன்று வயதில் முதல்முறையாக ஒருவர் என்னைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டிருந்தார்.

அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டார். இரைப்பையின் மேல்நுனியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பை ஒன்றை ஸ்டேப்ளரால் பிரித்துவிடுவார்கள். இருமல் மருந்து மூடியில் மூன்று மூடி அளவு. சிறுகுடலைக் கீழே ஓரிடத்தில் வெட்டி மேலே இழுத்து அந்தப் பையோடு இணைப்பார்கள். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், ஆனால் சாப்பாடு அங்கே போகாது. பித்தமும் கணைய நீரும் தனி வழியில் வந்து கீழே சேரும். அல்சருக்காக இரைப்பையில் பாதியை எடுத்த பெண்கள் மெலிந்துபோவதைப் பார்த்துத்தான் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை நிபுணர் 1966-ல் இரைப்பை பைபாஸைத் தொடங்கினாராம். இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடும் ஸ்லீவ் முறையும் உண்டு. எனக்குச் சர்க்கரை பழையது என்பதால் பைபாஸ்.

இணைப்பில் கசிவு வரலாம், காலில் ரத்தம் உறையலாம், அரிதாக உயிருக்கே ஆபத்தாகலாம் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். "நாலே மாசத்துல நாப்பது கிலோ" என்று போஸ்டர் ஒட்டுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. அந்த போஸ்டர்களைப் பார்த்து யாரும் போய்விடாதீர்கள்.

ஆபரேஷன் மூன்று மணி நேரம். வயிற்றில் ஐந்து ஓட்டைகள். கண் விழித்தபோது வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது; உள்ளே ஊதிய வாயு மிச்சமிருந்து உதரவிதானத்தை உறுத்தினால் வலி அங்கேதான் தெரியுமாம். அன்று சாயங்காலமே நர்ஸ் எழுப்பி நடக்கவைத்தார். "நடங்கக்கா, நடந்தாத்தான் ரத்தம் கட்டாது." சலைன் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வார்டு வாசல் வரை போனேன். வாழ்க்கையில் நான் போன மிகக் கடினமான பயணம் அந்த முப்பது அடிதான்.

மறுநாளிலிருந்து மருந்து மூடியில் தண்ணீர். கால் மணிக்கு ஒருமுறை ஒரு மூடி. ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் அறை எடுத்துப் பத்து நாள் தங்கினோம். அக்கா ரசத்தை மூன்று தடவை துணியில் வடிகட்டுவாள். அதை மிடறு மிடறாகக் குடித்து முடிக்க ஒரு மணி நேரம். ஐந்து பேருக்கு ஆக்கிப் பழகிய கை அது. கால் டம்ளர் ரசத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். நான்காம் நாள் இன்சுலின் பாதியாகக் குறைந்தது. எடை பெரிதாக இறங்குவதற்கு முன்பே சர்க்கரை இறங்கியது. குடலின் வழி மாறியதும் அங்கே சுரக்கும் ஹார்மோன்களும் மாறுவதுதான் காரணம் என்றார்கள். ஆறாவது வாரம் இன்சுலின் நின்றது.

உடம்பு ஆறிவிட்டது. மனசு ஆற நாளாயிற்று. சோறு எனக்குச் சோறு மட்டுமாக இருந்ததில்லை. பரீட்சைத்தாள் திருத்திய இரவுகளில் முறுக்கு டப்பாதான் துணை. அப்பா இறந்த வருடம் முழுக்க நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அந்தத் துணையை ஒரே நாளில் பிடுங்கிவிட்டார்கள். இரண்டாவது மாதம் காரணமில்லாமல் அழுவேன். மூன்றாவது மாதம் சீப்பு நிறைய முடி வந்தது. வேகமாக எடை குறைந்தால் அப்படித்தான், திரும்ப முளைக்கும் என்று டயட்டீசியன் சொன்னார், முளைத்தது. ஒரு கல்யாண வீட்டில் சித்தி என் கையைப் பிடித்து, "என்னடி, சீக்குல விழுந்தவ மாதிரி ஆயிட்ட" என்றார். குண்டாக இருந்தபோதும் அவர்தான் முதலில் சொன்னவர்.

நான்காவது மாதம் ஒரு தப்புச் செய்தேன். வடக்குமாசி வீதிப் பக்கம் போனபோது ஆசைக்கு அரை டம்ளர் ஜிகர்தண்டா. பத்து நிமிடத்தில் நெஞ்சு படபடத்தது, உடம்பெல்லாம் வியர்வை, குடலை யாரோ முறுக்குவதுபோல வலி. கடைப் பெஞ்சிலேயே சாய்ந்து முக்கால் மணி நேரம் கிடந்தேன். இனிப்பைத் தேக்கிவைத்து மெல்ல மெல்ல அனுப்பும் இரைப்பை இப்போது இல்லை. சர்க்கரை மொத்தமாகக் குடலில் இறங்கித் தண்ணீரை அங்கே இழுக்கிறது. டம்பிங் என்று இதற்குப் பெயர். அதன்பின் நெடுநாள் நான் இனிப்பைத் தொடவில்லை.

இந்த மே மாதம், கோவையில் ஒரு வருடப் பரிசோதனை. எடை 74 கிலோ. ரத்தத்தில் பி12 குறைவு, ஊசி போட்டார்கள். இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு. நிறுத்தினால் நரம்பும் எலும்பும் கெடும். மகனுக்குக் கோடை விடுமுறை, அவனும் கூட வந்திருந்தான். திரும்பும் ரயிலில் டிக்கெட் மதுரைக்குத்தான். பழனி நெருங்கியபோது மலையில் விளக்குகள் போட ஆரம்பித்திருந்தார்கள். "இறங்குவமாடா?" என்றேன். அவன் பையைத் தூக்கிக்கொண்டான்.

அடிவாரத்தில் ஒரு லாட்ஜ். அக்னி நட்சத்திரம் என்பதால் விடியும் முன் கிளம்பினோம். ஒரு முட்டை வெள்ளைக்கரு, அரை மணி நேரம் கழித்துத் தண்ணீர். சாப்பாட்டோடு தண்ணீர் சேர்க்கக் கூடாது. செல்போன்களை ஒப்படைத்தோம், 2023-லிருந்து மேலே கொண்டுபோக அனுமதியில்லை. பாத விநாயகரைக் கும்பிட்டுவிட்டு நின்றேன். சரிவாகச் சுற்றிப்போகும் யானைப் பாதை ஒரு பக்கம், நேராக ஏறும் படிகள் ஒரு பக்கம். ஏறத்தாழ 690 படிகள். படியில் கால் வைத்தேன்.

நான் உட்கார்ந்த அந்த இடம் எப்போது வந்தது என்று தெரியவில்லை. தேடிக்கொண்டேதான் ஏறினேன். எல்லாப் படியும் ஒன்றுபோல இருந்தது. மூச்சு வாங்கியது, ஆனால் அது ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் வாங்கும் மூச்சு. இடது முட்டி வலித்தது. பத்து வருடம் தேய்ந்த முட்டியை எந்த பைபாஸும் புதிதாக்காது. இடும்பன் சன்னதியில் உட்கார்ந்தோம். காவடியோடு ஒரு குடும்பம் அரோகரா போட்டுக்கொண்டு கடந்து போனது. மகன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். இரண்டு வாய், நிதானமாக. அவனும் அவசரப்படுத்தவில்லை. ஒரு வருடமாக என்னோடு சாப்பிட்டு அவனும் மென்று சாப்பிடக் கற்றிருக்கிறான்.

"நான் சின்னப் பிள்ளையா வந்தப்ப நீ வரலைல்லம்மா?" என்று கேட்டான். அப்பா சொல்லியிருப்பார் போல. "வரலடா" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

மேலே போனபோது வெயில் ஏறியிருந்தது. கோபுரத்தைப் பார்த்து நின்றேன். உள்ளே இருக்கும் முருகன் போகர் செய்த நவபாஷாணத் திருமேனி என்று சொல்வார்கள். ஒன்பது பாஷாணங்களைக் கட்டி மருந்தாக்கிய சித்தர் அவர், அவருடைய சமாதியும் மேலேயே இருக்கிறது. ஒரு பழத்துக்காகக் கோபித்து வந்தவன் ஆண்டிக் கோலத்தில் நிற்கும் சன்னதியில் என் பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதையும் வேண்டத் தோன்றவில்லை.

வெளியே வந்து அவனுக்குப் பஞ்சாமிர்தம் வாங்கினேன். மலை வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, தேன், நெய், கற்கண்டு, ஏலக்காய். ஒரு சொட்டுத் தண்ணீர் சேராது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பிரசாதம். எனக்கு அது விஷம்போல வேலை செய்யும் என்று தெரியும். சுண்டுவிரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன். ஏலக்காய் வாசனை நெடுநேரம் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. மீதியை அவன் வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கும்போது, பாதிக்குக் கீழே, முப்பது வயதிருக்கும் ஒருவர் படியோரம் உட்கார்ந்திருந்தார். நல்ல பருமன், சட்டை முழுக்க நனைந்திருந்தது. கடந்து போனவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரிப்பதும் கேட்டது. எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஆனால் அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு படி தள்ளி நானும் உட்கார்ந்துகொண்டேன். மகனும் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து, கம்பியைப் பிடித்து, மேலே ஏற ஆரம்பித்தார்.

பழனிக்குப் போகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் படிகளில் பருமனான ஒருவர் மூச்சு வாங்க நின்றிருந்தால், விஞ்சுல போயிருக்கலாமே என்று மட்டும் சொல்லாதீர்கள்.