எங்கள் வீட்டு எலுமிச்சை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், தாவரவியல்)

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். ஆனால் எங்கள் வீட்டில் படித்தவன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அந்தப் படித்தவன் நான்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள்.

செட்டியார்பட்டியில் ஒரு காம்பவுண்டு வீட்டில் குடியிருக்கிறோம். அப்பா புளியங்குடியில் எலுமிச்சை மூட்டை ஏற்றி இறக்குகிறவர். அம்மா தளவாய்புரத்திலிருந்து நைட்டித் துணி வாங்கி வந்து வீட்டிலேயே தைக்கிறார். எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று, அப்பா ஓர் எலுமிச்சைக் கன்றைக் கையில் பிடித்தபடி வந்து இறங்கினார். நடுவதற்கு நிலமில்லை, மண்தொட்டியில் வைத்து வாசலில் நிறுத்தினோம். சென்ற கார்த்திகையில் அது என் இடுப்பளவுக்கு வளர்ந்திருந்தது.

அப்போதுதான் ஒரு மேனாட்டுத் தோட்டக்கலைப் புத்தகம் என் கையில் கிடைத்தது. தொட்டியில் வளரும் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் வைத்துக் காக்க வேண்டும் என்று அதில் இருந்தது. காரணமில்லாமல் இல்லை. இந்த இனத்தின் பூர்வீகம் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம் என்று 2018இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று கூறுகிறது. உறைபனி அதற்கு ஆகாது. பிரான்சு மன்னர் பதினான்காம் லூயி, 1684க்கும் 1686க்கும் இடையில், வெர்சாய் அரண்மனையில் இதற்கென்றே ஒரு பெரிய மண்டபம் கட்டுவித்தார். பெட்டிகளில் வளர்ந்த ஆரஞ்சு மரங்கள் குளிர்காலத்தை அதற்குள் கழித்துவிட்டு, வெயில் காலத்தில் வெளியே வரும். மன்னரின் மரத்துக்கு மண்டபம் என்றால், என் மரத்துக்கு ஒரு மூலையாவது வேண்டாமா?

தொட்டியை உள்ளே தூக்கி வந்தேன். "வெளிய இருந்தா என்னய்யா?" என்றார் அம்மா. "பனி ஆகாதும்மா, புத்தகத்தில் போட்டிருக்கிறது" என்றேன். அதற்குமேல் அவர் பேசவில்லை. எங்கள் வீட்டில் இருப்பது ஒரே சன்னல். அதனடியில் இருந்த தையல் மெஷினை நகர்த்தித் தொட்டிக்கு இடம் விட்டார். தரை நனையாதிருக்கத் தொட்டிக்கு அடியில் ஓர் அலுமினியத் தட்டை வைத்தேன்.

பத்தே நாளில் இலைகள் பழுத்தன. மார்கழி பிறந்ததும் உதிரத் தொடங்கின. தாகம் என்று எண்ணித் தினமும் தண்ணீர் ஊற்றினேன். மேலும் உதிர்ந்தன.

ஒருநாள் வகுப்பில் வேரின் சுவாசம் பற்றிப் பேராசிரியர் பாடம் நடத்தினார். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு ஓடிப்போய்த் தொட்டியைத் தூக்கினேன். தட்டு நிறையத் தண்ணீர். மண்ணில் அழுகல் நாற்றம்.

வெளிச்சத்தில் நிற்கும் செடி இலை வழியே நீரை ஆவியாக்கி, வேர் வழியே மேலும் உறிஞ்சும். வெளிச்சம் குறைந்தால் அதன் தேவையும் குறைந்துவிடும். ஊற்றிய நீர் மண்ணிலேயே தங்கி, அங்கிருந்த காற்றை வெளியேற்றும். மூச்சுத் திணறிய வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. நான் தாகம் என்று நினைத்தது மூச்சுத் திணறல். குளிரைப் பற்றிய கதையும் வேறு. மண்ணின் வெப்பம் 12, 13 டிகிரிக்குக் கீழே போனால்தான் எலுமிச்சை வேரின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுபோகும். எங்கள் ஊர் மார்கழி அவ்வளவு கொடியதன்று. புத்தகம் தன் நாட்டுக்குச் சரியாகவே சொன்னது. அதை எந்த ஊரில் இருந்துகொண்டு படிக்கிறோம் என்பதை மறந்தவன் நான்.

தட்டை எடுத்தேன். தொட்டியின் அடித்துளையைக் குத்திவிட்டேன். அழுகிய வேர்களை நறுக்கி, செம்மண்ணும் மணலும் மக்கிய சாணமும் கலந்த புதுமண்ணில் வைத்து, வாசலுக்குக் கொண்டுபோனேன். வெயில் ஏறும் இடமாகப் பார்த்து நிறுத்தினேன். விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டுமே தண்ணீர். அடைமழை பெய்தால் தாழ்வாரத்துக்கு நகர்த்துவது என்று வைத்துக்கொண்டேன்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா மெல்லச் சொன்னார்: "தண்ணி தேங்குது, வெயிலும் படலன்னு எனக்கு அப்பவே தோணிச்சுய்யா."

"ஏம்மா சொல்லல?"

"படிச்ச புள்ள சொல்லுது, அதுல ஏதாச்சும் காரணம் இருக்கும்னு இருந்துட்டேன்."

அப்போதுதான் மெஷினைக் கவனித்தேன். ஒன்றரை மாதமாக அம்மா இருட்டு மூலையில், பட்டப்பகலில் டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு தைத்திருக்கிறார். அன்று மாலையே மெஷினைச் சன்னலடியில் திரும்பப் போட்டேன்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். நாம் சொல்வதை வீட்டில் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை, நம்பிவிடுகிறார்கள். அதனால் சோதிக்க வேண்டிய பொறுப்பு நம்முடையதாகிறது. சொல்வதற்குமுன், "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று ஒரு வார்த்தை கேட்பதும் அந்தச் சோதனையில் ஒரு பகுதிதான்.

தை மாதத்தில் செடி துளிர்த்தது. ஏழு துளிர்கள் என்று எண்ணிச் சொன்னவர் அம்மா.