சுமந்தவர்களை மறவாத நன்றி



பள்ளி விடுமுறையில் ஊருக்குச் செல்ல ரயிலில் இடம் கிடைக்காதபோது, மும்பை வாழ் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு நாள் இளைப்பாறுதலுக்காக நாடும் மலைகளுள் மாத்தேரானும் ஒன்று. கர்ஜத் செல்லும் புறநகர் ரயிலில் ஏறி நேரள் நிலையத்தில் இறங்கினால் மலையடிவாரத்தை அடைந்துவிடலாம். மலையின் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர். அங்கிருந்து மேலேறும் சிறிய ரயில்பாதை 1907-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. தண்டவாளங்களுக்கிடையே இரண்டடி அகலமே உள்ள அப்பாதை, 21 கிலோமீட்டர் தூரம் வளைந்து வளைந்து செல்கிறது. 2005 ஜூலை மாதப் பெருமழையில் அது சிதைந்துபோயிற்று. 2007-இல் ரயில் மீண்டும் ஓடிற்று. இடையில் மண்ணையும் கல்லையும் அகற்றிய கரங்களை நாம் அறியோம்.

சாலை வழியே செல்வோர் தஸ்தூரி நாக்காவில் வாகனத்தைவிட்டு இறங்கிவிட வேண்டும். அதற்கப்பால் காருக்கும் பைக்குக்கும் அனுமதியில்லை. செம்மண் பாதையும் மரநிழலும் பறவைகளின் ஒலியும் உங்களை வரவேற்கும். நகர இரைச்சலில் களைத்த உள்ளம், "ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று தானாகவே சொல்லும்.

ஆனால் அந்த அமைதிக்கு ஒரு விலை உண்டு என்பதைச் சிந்தித்தீர்களா? வாகனம் வராத ஊரில் அரிசி மூட்டையும் எரிவாயு உருளையும் எப்படி வந்து சேரும்? குதிரையின் முதுகிலும், கைவண்டியிலும், மனிதரின் தலையிலும் அவை வந்தன. நடக்க இயலாத முதியோரை மனிதர்களே கை ரிக்ஷாவில் அமர்த்தி மேட்டில் இழுத்துச் சென்றனர். 2022 டிசம்பரில் மின் ரிக்ஷா சோதனை முறையில் அங்கு வந்தது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மனிதனை மனிதன் இழுக்கும் முறையை ஆறு மாதங்களுக்குள் நிறுத்தவும், இழுத்தவர்களுக்கே மின் ரிக்ஷா கிடைக்கச் செய்யவும் உத்தரவிட்டது.

சுமை தூக்குவோரைக் காணும்போது நம் உள்ளத்தில் இருவிதமான நன்றி எழக்கூடும். "இவர்களைப்போல் நான் இல்லையே, ஸ்தோத்திரம்" என்பது ஒன்று. லூக்கா 18-ஆம் அதிகாரத்தில் ஆலயத்தில் நின்ற பரிசேயன் செலுத்திய நன்றியும் இத்தகையதே. பிறருடைய தாழ்வின்மேல் நிற்கும் அந்த நன்றியோடு அவன் நீதிமானாக வீடு திரும்பவில்லை. மற்றொன்று, லூக்கா 17-இல் சுகமடைந்த பத்துப் பேரில் ஒருவன் செய்தது. நன்மை பெற்றவன், அது எவரிடமிருந்து வந்ததோ அவரை நோக்கித் திரும்பி நடந்தான்.

அன்பானவர்களே, நமக்கு இது புதிதல்ல. நம்மில் பலருடைய தந்தையரும் தாத்தாமாரும் மும்பைக்கு வந்தபோது தோல் பட்டறைகளிலும் துறைமுகத்திலும் உழைத்தவர்கள். அவர்கள் ஓய்வெடுக்க மலைக்குச் சென்றதில்லை. அவர்கள் சுமந்ததால் நாம் இன்று சுமையின்றிச் சுற்றுலா செல்கிறோம். சுமந்தவர்களின் பிள்ளைகளாகிய நாம், சுமப்பவர்களைக் கண்டும் காணாதவர்போல் கடந்து செல்லலாமா?

ஆகையால் அடுத்த விடுமுறையில் இவற்றைச் செய்து பாருங்கள். பெட்டி தூக்கியவரிடம் பத்து ரூபாய்க்காகப் பேரம் பேசாதிருங்கள். அவருடைய பெயரைக் கேளுங்கள். தாகத்திற்குத் தண்ணீர் கொடுங்கள். அறையைக் கூட்டுகிறவருக்கு உங்கள் பிள்ளைகளே நன்றி சொல்லட்டும். நீங்கள் கொண்டு சென்ற பிளாஸ்டிக் குப்பையை இன்னொருவர் முதுகில் ஏற்றாமல், நீங்களே கீழே கொண்டு வாருங்கள்.

இரவில் குடும்ப ஜெபத்திற்கு அமரும்போது, மலைக்காகவும் மரத்திற்காகவும் ஸ்தோத்திரம் செலுத்துங்கள். அதன்பின், "இன்று நம்மைச் சுமந்தவர் யார்?" என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயர்களை ஒவ்வொன்றாக ஜெபத்தில் ஏறெடுங்கள்.