திரும்பும் வழி

வேலையைத் தொடங்குவது எளிது. இடையில் நிறுத்தி, வேறொன்றைக் கவனித்து, விட்ட இடத்திற்கே பழுதின்றித் திரும்புவது அரிது. மைய அரசில் எழுத்தராக இருபது ஆண்டுகள் கோப்புகளோடு வாழ்ந்த நமக்கு இது பழகிய உண்மை. ஒரு கோப்பில் குறிப்பு எழுதுகையில் ‘அவசரம்’ என்ற சீட்டோடு மற்றொன்று வரும். விட்ட இடத்தில் அடையாளச் சீட்டு வைத்து, அதன்மேல் புதியதை விரிப்போம். கடைசியில் வந்தது முதலில் முடியும்.

ஏரவாடாவில் நம் அண்டை வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் கணிப்பொறித் துறையில் பணிபுரிகின்றனர். அவர்களிடம் கேட்டறிந்தபோது, இயந்திரத்தினுள்ளும் இதே மேசை இருப்பது கண்டு வியந்தோம். இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் ஒரு பணியில் இருக்கையில் விசைப்பலகையோ பிறிதொரு கருவியோ குறுக்கிடும். உடனே செயலி, திரும்ப வேண்டிய முகவரியை ‘ஸ்டாக்’ எனும் அடுக்கில் வைத்துவிட்டு, வந்ததைக் கவனிக்கச் செல்லும்.

அடுக்குக்கு எல்லை உண்டு. இன்று பரவலாக உள்ள 64 பிட் இன்டெல் வகைச் செயலிகளில், லினக்ஸ் கெர்னல் ஒவ்வொரு பணிக்கும் 16 கிலோபைட் அடுக்கே தருகிறது. அது நிரம்பி வழிந்தால் அண்டை நினைவகம் கெடும். ஆகவே குறுக்கீடுகளுக்கெனச் செயலிதோறும் தனி அடுக்கு வைத்தனர். 2016-இல் அடுக்கின் ஓரத்தில் காவற்பக்கமும் அமைத்தனர். அக்காவலை மீறும்போது எழும் பிழையைப் பதியவும் நிரம்பிய அடுக்கில் இடமிராது; பதிய வேறிடமும் இல்லையேல் இயந்திரம் தன்னை மறந்து மறுபடி தொடங்கிவிடும். சேமிக்காத வேலையெல்லாம் பாழ். இத்தகைய நெருக்கடிக்கென அச்செயலிகள் ஏழு தனி அடுக்குகள் வரை இடமளிக்கின்றன.

தனி அடுக்கிலும் இடருண்டு. அது எப்போதும் ஒரே முனையிலிருந்து தொடங்குவது. கெர்னல் தடுக்க இயலாத ஒருவகைக் குறுக்கீடு உண்டு. அது நடக்கையில் அவ்வகையில் மற்றொன்று வாராமல் செயலியே நிறுத்திவைக்கும். ஆயினும் இடையில் வேறொரு பிழை நேர்ந்து, அதிலிருந்து திரும்பினால் அத்தடை நீங்கிவிடும். அப்போது வரும் இரண்டாவது, முதலாவதின் திரும்பும் முகவரியை அழித்து எழுதிவிடும். ஸ்டீவன் ராஸ்டெட் இதற்கான வழியை லினக்ஸில் செயற்படுத்தினார்: முதலாவதின் குறிப்பைப் படியெடுத்துக் காத்தல், இரண்டாவது வந்ததை மட்டும் குறித்துக்கொண்டு, முதலாவது முடிந்தபின் கவனித்தல்.

1988-இல் தோன்றிப் புணேயைத் தலைமையிடமாகக் கொண்ட சி-டாக் நிறுவனத்தின் ‘பாஸ்’ இயங்குதளமும் லினக்ஸின் மீதே நிற்கிறது. இந்தக் காவல் நமக்கு அயலானதன்று.

வள்ளுவர் காலமறிதலையும் இடனறிதலையும் அடுத்தடுத்து வைத்தார். குறுக்கீட்டுக்கு இவ்விரண்டும் வேண்டும். பிழைப்புக்காக இடம்பெயர்ந்த நம் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். புதிய மொழியும் பணியும் கடமையும் எத்தனை வந்தாலும் அவற்றுக்கு உரிய இடம் தருவோம். பழைய முகவரியின்மேல் எழுதிவிடாதிருப்போம்.